பழைய காடிக்கு வாரண்டி வாங்குறதா, அந்தக் காச ஒதுக்கி வைக்கிறதா?

என் காடி பெரோடுவா மைவி, 2018 மாடல், கம்பெனி கொடுத்த 5 வருஷம் இல்லன்னா 150,000 கிலோமீட்டர் வாரண்டி முடிஞ்சு நாளாச்சு. இப்போ கேஎல்ல ஒரு இடத்துல வருஷத்துக்கு 1,500 வெள்ளி கட்டுனா எஞ்சின், கியர்பாக்ஸ் நாங்க பாத்துக்குறோம்னாங்க. நல்லாதான் இருக்குன்னு பேப்பர வாங்கி முழுசா படிச்சேன், அங்கதான் விஷயமே இருக்கு, ஒரு கிளெய்முக்கு இவ்ளோதான்னு லிமிட் இருக்கு, அவங்க சொல்ற வொர்க்‌ஷாப்லதான் சர்வீஸ் பண்ணணும், ஒரு தடவ தள்ளிப்போனாலும் கிளெய்ம் போச்சு. அப்சார்பர், பிரேக் பேட், பேட்டரி, மவுண்டிங் ரப்பர் எதுவுமே சேராது. ஃபெடரல் ஹைவே ஜாம்ல தெனம் நிக்கிற காடிக்கு மொதல்ல தேயறதே இதெல்லாம்தானே!

இன்னொரு வழி, மாசம் 150 வெள்ளிய தனி அக்கவுண்டுல போடுறது. வருஷத்துக்கு 1,800 ஆச்சு, ஒண்ணும் ஆகலன்னா காசு நம்மகிட்டயே இருக்கும். மைவிக்கு சாமான் எங்கயும் கெடைக்கும், தெரிஞ்ச போமன், அதான் மெக்கானிக், இருந்தா ஹாஃப் கட் கியர்பாக்ஸ்கூட, அதாவது வெட்டி விக்கிற பழைய காடியில கழட்டுனது, தேடித் தருவாரு. ஆனா ரெண்டாவது மாசமே பெரிய செலவு வந்துட்டா கையில 300தான் இருக்கும், அதுக்கு மனசத் தயார் பண்ணிக்கணும்.

நான் காச ஒதுக்குற பக்கம்தான். ஆனா எங்க அண்ணன் வச்சிருக்கறது டர்போ போட்ட காண்டினென்டல் காடி, அதாவது ஐரோப்பிய காடி, கியர்பாக்ஸ கட்டுப்படுத்துற மெக்கட்ரானிக் யூனிட் போனா ஆயிரக்கணக்குல போகும், அவர வாரண்டி எடுங்கண்ணேன்னுதான் சொன்னேன், லிமிட் எவ்ளோன்னு மொதல்ல கேட்டுட்டு.