பெட்டரி முனைகளைத் துலக்க எது நல்லது: அப்பச்சோடாவா, கம்பி பிரஷா, ஸ்பிரேயா?

ஹற்றன், நுவரெலியா பக்கத்து ஏற்றங்களில் மின் ஸ்கூட்டர் ஒன்று, சமதரையில் இழுப்பதைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். முனையும் வயரும் சேரும் இடத்தில் 10 மில்லி ஓம் தடை இருந்தால், 40 அம்பியர் பாயும்போது 0.4 வோல்ட் வீணாகி, அந்த ஒற்றை போல்ட்டில் 16 வாட் வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே இங்கே முனைச் சுத்தம் அழகுக்கான வேலை அன்று.

ஈய அமில பெட்டரிகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் தூளுக்கு அப்பச்சோடாவே முதல் மருந்து. ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, பழைய பல் துலக்கியால் தொட்டுத் தேய்த்தால் நுரை பொங்கும்; பொங்குவது நின்றால் அங்கிருந்த அமிலம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் கரைசலை ஊற்றக் கூடாது. அது மின்னைக் கடத்தும். தண்ணீர் விடும் வகை பெட்டரியின் மூடித் துளைக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் அமிலத்தையும் கெடுக்கும். பனிமூட்ட நாட்களில் ஈரம் தானாகக் காயாது என்பதால், சுத்தமான ஈரத்துணியால் துடைத்தபின் உலர்துணியாலும் ஒற்றி எடுக்க வேண்டும்.

கம்பி பிரஷ் அமிலத்தைப் போக்காது; அதனால் அதை மட்டும் நம்பினால் பூப்பு விரைவில் திரும்பும். ஆயினும் கருத்த ஒட்சைட்டுப் படலத்தைச் சுரண்டி எடுக்க அதுவே வேண்டும். கவ்வியின் வெளிப்புறம் பளபளத்தாலும் முனையைத் தழுவும் உள்வளையம் கருஞ்சாம்பலாகவே இருப்பதுண்டு. மின்சாரம் கடப்பது அவ்வழியே என்பதால் அங்கேதான் தேய்க்க வேண்டும். ஈயத்தூள் நஞ்சு, முகமூடி அவசியம்.

மின் இணைப்புகளைத் துலக்கும் ஸ்பிரே வேறு வேலைக்கானது. லித்தியம் ஸ்கூட்டர்களின் இணைப்பான்களுக்கு நீர் ஆகாது. மிச்சம் வைக்காமல் ஆவியாகும் ஸ்பிரேயே அங்கு பொருத்தம். பல ஸ்பிரேக்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் முழுதாக உலர்ந்தபின்பே இணைக்க வேண்டும். சிலர் செய்வதுபோல் முனைகளில் கோலா ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் அமிலம் உண்டு, சீனியும் ஒட்டிக்கொள்ளும்.

நிசான் லீஃப் போன்ற கார்களில் பிரதான பெட்டரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ட் துணை பெட்டரியின் இணைப்பு கெட்டால் வண்டி ஆயத்தமாகாது. அதற்குச் சோடாவும் பிரஷும் சேர்ந்த முறையே சிறந்தது. காரை முற்றாக அணைத்து, எதிர்முனையை (– குறியுள்ளதை) முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டி, இறுக்கியபின் மேலே வெஸ்லின் பூசினால் போதும். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் வோல்ட் கொண்டவை. பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

பிறகு விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை முனையிலும் மற்றதைக் கவ்வியிலும் வைத்துப் பாருங்கள். வோல்ட் அளவு கிட்டத்தட்ட பூச்சியமாக இல்லாவிட்டால் இன்னும் படலம் இருக்கிறது, அல்லது கவ்வி தளர்ந்திருக்கிறது. அங்கே சரியாக இருந்து, கவ்விக்கும் வயரின் செம்புக்கும் இடையில் வோல்ட் காட்டினால், தேய்ப்பதை விட்டுவிட்டுக் கவ்வியையே மாற்ற வேண்டும்.