வீட்டுக்கு ஆளா, முதியோர் இல்லமா, பிள்ளைகள் முறை வைத்தா?

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏற்பாடு தேடும்போது, மாதம் எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அங்கே தப்பு நடந்தால் எத்தனை நாளில் நமக்குத் தெரியவரும்? அதை வைத்துத்தான் மூன்றையும் எடை போடுகிறேன்.

ஏஜென்சி மூலம் வீட்டுக்கு ஆள் வைப்பதில் பெரியவருக்குச் சொந்தக் கட்டிலும் பழகிய ஜன்னலும் மிஞ்சும். ஆனால் பகல் முழுக்கச் சாத்திய கதவுக்குள் ஒரே ஒருவர்தான். 24 மணி நேரத்துக்கும் ஒரே ஆள் என்றால் அவரும் தூங்கித்தானே ஆக வேண்டும்? இரவில் கூப்பிட்டால் வருவது எரிச்சல்தான். அடிப்பதைவிட அதிகம் நடப்பது வேறு. அடிக்கடி டயப்பர் மாற்ற வேண்டாமே என்று தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். உடம்பு வறண்டு, சிறுநீர்த் தொற்று வந்து, பெரியவர் உளற ஆரம்பிப்பார். நாமோ "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். வெளிநாட்டிலிருந்து பார்க்கும் கேமராவில் அடி விழுந்தால் தெரியும்; கொடுக்காத தண்ணீர் தெரியாது. 12 மணி நேரத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வைத்தால் செலவு ஏறும். ஆனால் ஒருவர் விட்டுப்போனதை அடுத்தவர் பார்ப்பார். இந்த ஏஜென்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவர 2019இல் மக்களவையில் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அதனால் ஆளை விசாரிப்பது நம் தலையில்தான்.

முதியோர் இல்லத்தில் கண்கள் அதிகம், கைகள் குறைவு. ஞாயிறு காலை சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். சொல்லாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே அழுத்தினாலும் மாறாத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். திருப்பிப் படுக்கவைக்கவில்லை என்று அர்த்தம். கண்ணாடி, பல் செட், காது மெஷின் மூன்றும் ஆளிடம் இருக்கின்றனவா, பீரோவிலா? பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் மாத்திரை அட்டையை வாங்கி, டாக்டர் எழுதியதுதானா என்று பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேட்டு மழுப்பினாலோ, குறித்த நேரத்தில் மட்டும்தான் வரலாம் என்றாலோ, அந்த இடம் வேண்டாம்.

பிள்ளைகள் மாதம் ஒரு வீடாக முறை வைப்பது கேட்க நன்றாக இருக்கும். சர்க்கரை டெஸ்ட் போன மாதம் அண்ணன் எடுத்திருப்பான் என்று தம்பி நினைப்பான், அண்ணனும் அப்படியே. பென்ஷன் ஏடிஎம் கார்டு மட்டும் யாரிடம் என்பதில் குழப்பமே இருக்காது! சொத்தை எழுதி வாங்கியபின் சோற்றின் ருசி மாறுவதும் இங்கேதான். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. எதற்கு வம்பு? செட்டில்மெண்ட் எழுதினால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். உயில் இன்னும் நல்லது, உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்.

என் தேர்வு இதுதான். நினைவு தெளிவாக இருந்து வாய்விட்டுச் சொல்ல முடிகிறவருக்கு வீட்டில் இரண்டு ஷிஃப்ட் ஆள். தினமும் எட்டிப் பார்க்க ஒரு சொந்தமோ பக்கத்து வீட்டுக்காரரோ வேண்டும். மறதி நோய் முற்றியவருக்கு இல்லம். ஆனால் தூரத்து ஊரில் இருக்கும் பிரமாதமான இல்லத்தைவிட, யாராவது அடிக்கடி போய்வரக்கூடிய சுமாரான இல்லம் மேல். முறை வைப்பதை, பெரியவர் தன் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கும்வரைதான் நம்புவேன்.

சந்தேகம் வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பெரியவரால் முடியாதபோது அவர் ஒப்புதல் தந்த வேறொருவரும் கொடுக்கலாம். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், 30 நாள் நீட்டிக்கலாம்.