எடை மேடையின் பழைய கம்ப்யூட்டர்: எமுலேட்டரா, விர்ச்சுவல் மெஷினா, புது மென்பொருளா?

ஈரோடு, பெருந்துறை, நாமக்கல் பக்கம் சில எடை மேடைகளிலும் மண்டிகளிலும் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் போன்ற பழைய டேட்டாபேஸ் மொழிகளில் எழுதிய, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் மென்பொருள் இன்னும் சீட்டு அடிக்கிறது. "ஓடற வரைக்கும் ஓடட்டுமுங்க" என்று விட்டுவைத்த பெட்டியில் கெப்பாசிட்டர் உப்பிவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது. ஓடும்போதே பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எடையைக் காட்டும் இண்டிகேட்டரின் சீரியல் வயர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பேரலல் போர்ட்டில் செருகிய டாங்கிள் (இல்லாவிட்டால் மென்பொருளை ஓடவிடாத பூட்டுக் கருவி) ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்பதை வைத்துத்தான் வழி அமையும். மென்பொருளை எதில் எழுதினார்கள் என்பது அடுத்த கேள்வி.

புது விண்டோஸில் ஃபோல்டரை அப்படியே போட்டால் ஓடாது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. 32 பிட் விண்டோஸ் 10 ஏற்கும். ஆனால் அதற்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விஷுவல் பேசிக் 6-இல் எழுதியதென்றால் கவலை குறைவு. விடுபட்ட ஓ.சி.எக்ஸ் கோப்புகளை சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு ரெஜிஸ்டர் செய்து, தேதி அமைப்பைப் பழைய பெட்டியில் இருந்தபடியே வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஹார்ட் டிஸ்க். பழைய பெட்டியைத் திரும்பத் திரும்ப பூட் செய்யாமல் டிஸ்கைக் கழற்றி, ஐ.டி.ஈ-யு.எஸ்.பி அடாப்டரில் மாட்டி, முழு இமேஜ் (டிஸ்கின் அச்சு நகல்) எடுங்கள். டேட்டா இருக்கும் டி.பி.எஃப் கோப்புடன் மெமோ கோப்பும் (எஃப்.பி.டி அல்லது டி.பி.டி) வந்ததா பாருங்கள், அது போனால் குறிப்புகள் போயின. இண்டெக்ஸ் கோப்பு சிதைந்தாலும் திரும்பக் கட்டலாம். ஆனால் அதன் எக்ஸ்பிரஷன் (எதை வைத்து வரிசைப்படுத்துகிறது என்ற சூத்திரம்) தெரிய வேண்டும். ஆகவே ஓடும்போதே ஃபாக்ஸ்புரோவில் 'லிஸ்ட் ஸ்டேட்டஸ்' கொடுத்து அந்த விவரத்தைச் சேமித்துவிடுங்கள்.

எமுலேட்டர்

ஒற்றைக் கம்ப்யூட்டர், டாங்கிள் இல்லை என்றால் பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற எமுலேட்டர்தான் என் முதல் தேர்வு. விண்டோஸ் லைசென்ஸ் தொல்லை இல்லை. ஒரு ஃபோல்டரை காப்பி செய்தால் பேக்கப் முடிந்தது. இன்னொரு லாபம் வேகக் கட்டுப்பாடு. போர்லாந்து பாஸ்கலில் எழுதிய சில நிரல்கள் வேகமான பிராசஸரில் 'ரன்டைம் எரர் 200' என்று விழும். எமுலேட்டரில் சைக்கிள்ஸ் என்ற வேக அளவைக் குறைத்தால் எழுந்துவிடும். 'மேக்ஸ்' என்று விட்டால் ஒரு கோர் முழுவதையும் தின்னும். 30,000-த்தில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இண்டிகேட்டருக்கு யு.எஸ்.பி-சீரியல் கேபிள் வேண்டும். எஃப்.டி.டி.ஐ சிப் உள்ளதை வாங்குங்கள். புரொலிஃபிக் சிப்பின் போலிகளைப் புது டிரைவர் 'கோட் 10' என்று தள்ளிவிடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் எண்ணை 9-க்குள் நிலையாக வைத்து, எமுலேட்டரின் முதல் சீரியல் போர்ட்டை அதனுடன் நேராக இணைக்க வேண்டும். சீரியல் வேகமான பாட் ரேட்டும் பிழை சோதிக்கும் பாரிட்டியும் பழையபடியே. எடைக்குப் பதில் கிறுக்கல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை அவைதான்.

அதிகம் படுத்துவது பிரிண்டர். எமுலேட்டரின் உள் பிரிண்டர் பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்புவதால் டாட் மேட்ரிக்ஸ் ஒவ்வொரு வரியாக அரைத்துக்கொண்டிருக்கும், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். சீட்டைக் கோப்பில் எழுத வைத்து, 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரில் ஷேர் செய்த பிரிண்டருக்கு பைனரி காப்பியாக அனுப்பினால் பழைய வேகம் வரும்.

எமுலேட்டர் ஜன்னலை எக்ஸ் பட்டனால் மூடக் கூடாது. கரண்ட் போவதும் அதே கேடுதான்: டி.பி.எஃப் தலைப்பில் உள்ள ரெக்கார்ட் எண்ணிக்கைக்கும் கோப்பின் நீளத்துக்கும் பொருந்தாமல் போய், மறுநாள் திறக்காது. யு.பி.எஸ் கட்டாயம். இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே கோப்பில் எழுதும் மண்டிகளில் ஃபைல் லாக் (ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுப்பது) சரியாக நிற்கிறதா என்று நகல் டேட்டாவில் சோதிக்காமல் இந்த வழிக்கு வரவேண்டாம்.

விர்ச்சுவல் மெஷின்

பல கம்ப்யூட்டர்கள் ஒரே கோப்பில் எழுதும் மண்டிக்கு விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) விண்டோஸ் எக்ஸ்பி பொருந்தும். 512 எம்.பி மெமரி, 10 ஜி.பி டிஸ்க் போதும். பழைய டிஸ்கையே குளோன் செய்து ஏற்றினால் சாட்டா கன்ட்ரோலரில் 7பி என்ற எரருடன் நீலத்திரை வரும், ஐ.டி.ஈ-க்கு மாற்ற வேண்டும், ஆக்டிவேஷனும் கேட்கலாம். எக்ஸ்பி ஆதரவு 2014-இலேயே முடிந்ததால் இன்டர்நெட் பக்கம் விடக் கூடாது. ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேர நிலையைச் சேமிப்பது) விஷயத்தில் கவனம்: முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதன்பின் போட்ட சீட்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும். டேட்டாவைத் தனியே வெளியே காப்பி செய்யாதவர்கள் இந்த வசதியைத் தொடாதிருப்பதே நல்லது.

புது மென்பொருள்

ஜி.எஸ்.டி பில் போடுபவர்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. 2017 ஜூலைக்கு முந்தைய நிரலில் அதற்கு இடமே இருக்காது. எல்லா வருடக் கணக்கையும் ஏற்ற முயன்றுதான் பலர் சிக்குகிறார்கள். பார்ட்டி பெயர்களும் நிலுவைகளும் மட்டும் புதியதில் ஏறட்டும். பழைய வருடங்கள் எமுலேட்டரில் படிக்க மட்டும் இருக்கட்டும். ஜி.எஸ்.டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். டி.பி.எஃப் கோப்பை லிபர்ஆபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். டி.பி.எஃப்-இல் அழித்த ரெக்கார்ட் 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை கோப்பிலேயே கிடக்கும். சில கருவிகள் அதையும் சேர்த்து எடுத்துவிடும். ரெக்கார்ட் எண்ணிக்கை, மொத்த நிகர எடை, மொத்த நிலுவை மூன்றும் பழைய ரிப்போர்ட்டோடு ஒத்த பிறகே மாறுங்கள்.

டாங்கிள் இருந்தால்

முதல் இரண்டு வழிகளும் பெரும்பாலும் அடைபடும். யு.எஸ்.பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டுமே உதவும். டாங்கிளை மென்பொருள் தேடும் 378 என்ற போர்ட் முகவரி அதில் இல்லை. புது மென்பொருள் தயாராகும்வரை அதே வகைப் பழைய போர்டு ஒன்றை வாங்கி, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஐ.டி.ஈ அடாப்டரில் சி.எஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டு போட்டு ஓட்டலாம். டாஸுக்குத் தனி டிரைவர் வேண்டாம். கார்டின் நகல் ஒன்று மேசை டிராயரில் இருக்கட்டும்.