டிராக் கிளட்ச் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. எங்கேயோ, யாருடைய வண்டியிலோ ஓடித் தேய்ந்த பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தகடு) லேத்தில் கடைந்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து, பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நேற்று கியர் பாக்ஸை இறக்கிய பிறகுதான் இது தெரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்றது பந்தய உதிரிபாகங்களை மட்டும் விற்கிற ஓர் இணையக் கடை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் போடப் போவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வண்டி டர்போ வைத்தது. டியூன் செய்த பிறகு டார்க் (என்ஜினின் சுழற்று விசை) 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிட்டது. கம்பெனி கிளட்ச் அதைத் தாங்கவில்லை. நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறும், வேகம் ஏறாது. தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டி, பந்தய டிராக்கில் ஓட்டுவதும் இதே வண்டி என்பதுதான் சிக்கல். செராமிக் பட்டன் வைத்த பந்தய பிளேட் சூட்டைத் தாங்கும், ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறி எடுத்துவிடும். ஆர்கானிக் (சாதாரண வண்டிகளில் வரும் உராய்வுப் பொருள்) மெத்தென்று பிடிக்கும், ஆனால் சூடேறினால் பிடிப்பு விட்டுப்போகும். கெவ்லார் இழை வைத்த பிளேட் நன்றாக உழைக்கும், ஒருமுறை கருகவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி, பழைய பிடிப்பு லேசில் திரும்பாது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கடைக்குப் போன் செய்தேன்.

நான் நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். போனை எடுத்தவர் முதலில் கேட்டதே, "ப்ரோ, ஹெச்பி எவ்வளவுன்னு சொல்லாதீங்க. டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்ல வருது, அதைச் சொல்லுங்க." நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. 300 கிலோவாட்டை (ஹெச்பி மாதிரி இதுவும் பவரின் அளவுதான்) 8000 ஆர்பிஎம்மில் தரும் என்ஜின் அந்த இடத்தில் கிளட்ச் மீது சுமார் 358 நியூட்டன் மீட்டர்தான் போடும், அதே 300-ஐ 5000 ஆர்பிஎம்மில் தரும் டர்போ என்ஜின் 573 போடும். ஹெச்பியைப் பார்த்துக் கிளட்ச் விற்கிறவர்களே அதிகமாக இருக்கும்போது இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் மனசு இளகத்தான் செய்யும். அடுத்து, டைனோ (டார்க்கை அளக்கும் இயந்திரம்) அளவு சக்கரத்தில் எடுத்ததா, என்ஜினில் எடுத்ததா என்று கேட்டார். அப்புறம், என்ன டயர், செமி ஸ்லிக்கா (டிராக்குக்கான அதிகப் பிடிப்பு டயர்) என்றார். டயர் தரையைக் கவ்விப் பிடித்துவிட்டால் சக்கரம் சுழன்று வழுக்காது, அந்த அதிர்ச்சி முழுவதும் கிளட்ச் தலையில் இறங்கும். எல்லாம் தெரிந்த மனிதர். இவ்வளவு விஷயம் தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"சிங்கிள் பிளேட் செராமிக் போட்டா டிராஃபிக்ல அழுதுடுவீங்க ப்ரோ. ட்வின் பிளேட் ஆர்கானிக் போடுங்க, ஃபிளைவீலோட சேர்த்து முழு செட்டா தரேன். பெடல் கம்பெனி பெடல் மாதிரியே இருக்கும், 700 நியூட்டன் மீட்டர் தாங்கும். கடைசி செட்டு. ஏதாவது ஆச்சுன்னா என் பேரைச் சொல்லுங்க, நான் மாத்தித் தரேன்." ஃபிளைவீல் என்பது என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் அதன்மேல்தான் உரசும். சொன்ன காரணத்தில் குற்றமே இல்லை. இரண்டு பிளேட் என்றால் உரசும் முகங்கள் நான்கு, அதனால் அதே டார்க்கைக் குறைந்த அழுத்தத்தில் பிடிக்கலாம், பெடலும் கனக்காது. பெட்-இன், அதாவது புதுப் பிளேட்டை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது, செய்ய வேண்டுமா என்று நானே கேட்டேன். "அதெல்லாம் ஃபேக்டரியிலயே முடிஞ்சுதான் வரும், மாட்டிட்டு நேரா டிராக் போகலாம்" என்றார். அன்று மாலையே மொத்தப் பணத்தையும் அனுப்பினேன். மூன்று மாதச் சம்பளம், ஒரே தடவையில்.

என் மெக்கானிக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் என்ன சொன்னாலும் ஆர்கானிக் பிளேட்டை 800 கிலோமீட்டராவது ஊருக்குள் நின்று நின்று ஓட்டிப் பழக்காமல் டிராக்கில் இறக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அப்படியே ஓட்டினேன். ஆரம்பத்திலும் முடிவிலும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிராக்கில் சில சுற்றுகள்கூடத் தாங்கவில்லை. மெதுவான வளைவிலிருந்து மூன்றாவது கியரில் வெளியே வந்து மிதித்ததும் ஆர்பிஎம் முள் சிவப்பைத் தொட்டது, வண்டி நகரவில்லை, கேபினுக்குள் கருகல் நாற்றம். ஆறவிட்டால் பிடிக்கும், சூடேறினால் மறுபடி விட்டுவிடும். போகப் போகச் சாதாரண மேட்டில்கூட ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. 700 தாங்கும் என்று சொன்ன கிளட்ச்!

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "பெட்-இன் சரியா பண்ணியிருக்க மாட்டீங்க சார்." தேவையே இல்லை என்று சொன்ன அதே கடை. ஓடோமீட்டர் படங்களை அனுப்பினேன், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்து, "ஹைட்ராலிக்கைப் பாருங்க." இது நியாயமான சந்தேகம்தான், பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் அமுங்க ஆரம்பிக்கும் முன் இருக்கும் சும்மா அசைவு) இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அமுங்கியே இருந்து வழுக்கும். மெக்கானிக் அளந்து பார்த்தார், சரியாக இருந்தது, அதை வீடியோ எடுத்தும் அனுப்பினோம். அடுத்து, "ஃபிளைவீலைக் கடைஞ்சு போட்டீங்களா?" ஃபிளைவீலே அவர்கள் அனுப்பிய செட்டில் வந்ததுதான்! அந்த மனிதரிடம் பேச வேண்டும் என்றால், "அவர் இப்ப இங்க வேலை பார்க்கலை சார்." அப்புறம் உத்தரவாத அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். டிராக்கில் ஓட்டினால் உத்தரவாதம் கிடையாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. டிராக் கிளட்ச் என்று விளம்பரம் செய்து விற்ற பொருளுக்கு இப்படி ஓர் அட்டை. 700 என்ற எண் எப்படி வந்தது, பிரஷர் பிளேட்டின் அழுத்தம் எத்தனை நியூட்டன் என்று கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் சார்."

இதில் என்ன ரகசியம்? உரசும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தம், சராசரி ஆரம், இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க் வந்துவிடும். சிங்கிள் பிளேட்டுக்கு முகம் 2, குணகம் 0.3, அழுத்தம் 10,000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர் என்று வைத்தால் 600 நியூட்டன் மீட்டர். சூட்டில் அந்தக் குணகம் 0.2-க்கு இறங்கினால் அதே கிளட்ச் 400 தான் தாங்கும். அதனால் அழுத்தமும், எந்தச் சூட்டில் எந்தக் குணகம் என்பதும் தெரியாமல் வெறுமனே 700 என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே கிடையாது.

நேற்று கழற்றினோம். பிரஷர் பிளேட் முகத்தில் நீலத் திட்டுகள். இரும்பு நீலம் பாய 300 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அது என் ஓட்டத்திலேயே வந்திருக்கலாம், அதை விட்டுவிடுகிறேன். பிரஷர் பிளேட்டுக்கு அழுத்தம் கொடுக்கும் டயாபிரம் ஸ்பிரிங்கின் விரல் (நடுவை நோக்கி நீளும் தகடு) நுனிகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அழுத்தும் இடத்தில் ஒவ்வொரு விரலிலும் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு உள்ளே பெயின்ட் இருந்தது. என் வண்டியில் தேய்ந்து விழுந்த பள்ளம் என்றால் பெயின்ட் உரிந்துதானே இருக்க வேண்டும்? பேரிங் பட்டு உரிந்திருந்தது விளிம்பு மட்டும். பார்ட் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம். முகத்தைக் கடைந்து தகடு மெலிந்துவிட்டால் ஸ்பிரிங் உட்காரும் கோணமே மாறிவிடும், அழுத்தமும் மாறிவிடும். போதாததற்கு, வேறொரு வண்டியில் வெந்து தளர்ந்த ஸ்பிரிங் வேறு. மயிரிழை விரிசல்களும் தெரிந்தன. 7000 ஆர்பிஎம்மில், என் காலுக்குப் பக்கத்தில், இதைச் சுற்றவிட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. கிளட்சும் ஃபிளைவீலும் வேகத்தில் சிதறக் கூடாது என்பதற்காகவே எஸ்எஃப்ஐ 1.1 என்று ஒரு தரநிலை இருக்கிறது. இவர்கள் விற்றதில் ஒரு முத்திரையும் இல்லை, இருந்த நம்பரையும் அழித்திருக்கிறார்கள்.

படங்களை அனுப்பியதும் வந்த பதில்: "கழட்டிட்டீங்களே சார், இனி நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அவ்வளவுதான், அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. மூன்று மாதச் சம்பளம் பொருளுக்கு மட்டும், இறக்கி ஏற்றிய கூலி தனி.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசரமாகச் சில மட்டும். போனில் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள், பெட்-இன் விஷயத்தையும் சேர்த்து. அழுத்தம் எத்தனை நியூட்டன் என்று சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். "கடைசி செட்டு" என்றால் அங்கேயே நிறுத்துங்கள், மொத்தப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். உத்தரவாத அட்டையின் படத்தைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், டிராக் ஓட்டத்துக்கு விலக்கு இருந்தால் அது உங்களுக்கான கடை இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ ஓடட்டும். மாட்டுவதற்கு முன்னால் டயாபிரம் விரல் நுனிகளை விரலால் தடவிப் பாருங்கள், நகத்தில் பள்ளம் தட்டினால் வண்டியில் ஏற்றாதீர்கள், அப்படியே திருப்பி அனுப்புங்கள்.