டிக்கெட்டில் வெனிஸ், ஏறியது ராவென்னாவில்

புறப்பாடு வெனிஸ் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, நானும் அம்மாவும் இத்தாலியை ஒட்டிய அட்ரியாட்டிக் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம் போய் வந்தோம். கப்பலைப் பற்றிக் குறை இல்லை, தயிரை மோராகக் கரைத்துத் தரச் சொன்னால்கூட முகம் சுளிக்காமல் தந்தார்கள், நாலு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். விற்ற விதத்துக்கு ஒரு ஸ்டாரே அதிகம்.

வெனிஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றினார்கள். இதோ கடல், இதோ கப்பல் என்று அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, வண்டி இரண்டரை மணி நேரம் ஓடி ராவென்னா என்ற வேறு ஊருக்குப் பக்கத்தில், போர்த்தோ கோர்சினி துறைமுகத்தில் நின்றது. வவுச்சரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் வெனிஸ், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ராவென்னா!

பெரிய கப்பல்களை வெனிஸ் நகருக்கு நடுவே விடாத சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் இத்தாலிக் கரையருகே கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, 40,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோ முன்னால் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், ஆனால் மாற்றுப் பாதை தயாராகும்வரை அது அமலுக்கு வராது என்று அதிலேயே ஓட்டையும் வைத்தார்கள். அப்புறம் வந்த கட்டுப்பாட்டை 2014-இல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2019 ஜூனில் ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. கடைசியில் யுனெஸ்கோ, வெனிஸை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்க்கப் போவதாக மிரட்டியதும்தான், 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கோ 180 மீட்டர் நீளத்துக்கோ மேற்பட்டவை, நகருக்குள் சான் மார்க்கோ பக்கம் போகும் ஜுதெக்கா கால்வாயில் நுழையத் தடை வந்தது. சில பெரிய கப்பல்கள் வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மார்கேரா தொழிற்பேட்டைப் பக்கம் நிற்கின்றன, மற்றவை ராவென்னா, திரியெஸ்தே என்று வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டன. நாங்கள் போனது 90,000 டன் கப்பல். இதெல்லாம் ஏஜென்டுக்குத் தெரியாதா? கேட்டால், "எல்லாம் ஒரே ஏரியாதான் சார்" என்கிறார், பஸ் காசையும் நம் தலையிலேயே கட்டிவிட்டு.

நீங்கள் போவதாக இருந்தால் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், டெர்மினல் பெயரைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெனிஸைப் பார்க்க ஒரு நாளாவது தனியாக ஒதுக்குங்கள். நாங்கள் திரும்பி வந்து அங்கே ஓர் இரவு தங்கினோம். ஜுதெக்கா கால்வாயில் வபொரெத்தோ எனும் பொதுப் பயணிகள் படகில் போகும்போது அம்மா இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயாடா அவ்வளவு பெரிய கப்பலை விட்டாங்க?" என்றார்.