பருப்பு வேகாத தண்ணீரில் மலாவி மீன்கள்: மூன்றரை வருட அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில்தான் முதலில் நியான் டெட்ரா வாங்கி விட்டேன். பத்து நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "இந்தத் தண்ணியில பருப்பே வேகலை, மீன் எங்கடா பொழைக்கும்?" என்றார் அம்மா.

அம்மா கேட்டது சரி. நியான் டெட்ராவின் ஊர் அமேசான் படுகை. அங்கே தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. நம் தண்ணீருக்கு நேர் எதிர். அப்படியானால் கடினத் தண்ணீரில், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில், நன்றாக வாழும் மீன் எது என்று தேடினேன். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் வகை மீன்களில் போய் நின்றது. அந்த ஏரியில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) சுமார் 7.7 முதல் 8.6 வரை, வெப்பம் 24 முதல் 28 டிகிரி. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தால் பிஹெச் 8. மீனுக்காகத் தண்ணீரை மாற்றாமல் தண்ணீருக்கேற்ற மீனைத் தேடியதுதான் இந்த மூன்றரை வருடத்தில் நான் செய்த நல்ல காரியம்.

ஒரு எச்சரிக்கை. கடினத் தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போரில் கடல் உப்பும் ஏறியிருக்கலாம். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். சொட்டு ஊற்றிப் பார்க்கும் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கிட் வாங்கிப் பாருங்கள். வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் நீக்கி, நன்றாகக் கழுவிக் காய்ந்த கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டால் போதும். கிளிஞ்சல் மெல்லக் கரைந்து கடினத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும்.

2022 ஏப்ரலில் தொட்டி வைத்தேன். நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும் என்பதால் தரைத்தளத்திலேயே, இரும்பு ஸ்டாண்டில், அடியில் தெர்மாகோல் விரித்து வைத்தேன். இந்த மீனுக்கு 4 அடிக்குக் குறைவான தொட்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கல் அடுக்குவதில் தப்பு செய்தேன். மணலைக் கொட்டிவிட்டு அதன்மேல் கருங்கல்லை அடுக்கினேன். பாறை இடுக்கில் வாழும் இந்த மீன்களை மலாவியின் டோங்கா மொழியில் 'ம்புனா' என்பார்கள், பாறைமீன் என்று பொருள். பாறையடியில் மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்புவது அதன் பிறவிக்குணம். ஒருநாள் ராத்திரி 'டொக்' என்று சத்தம். லைட்டைப் போட்டால், அடியில் மணல் போன கல் சரிந்து முன்கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. விரல் நீளத்துக்குக் கீறல், நல்லவேளை விரிசல் இல்லை. மறுநாளே எல்லாவற்றையும் எடுத்து, அடிக்கண்ணாடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு, கல்லை அதன்மேல் நிறுத்தி, கடைசியாக மணலைக் கொட்டினேன். முதலில் கல், பிறகு மணல். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

மீன் விடுவதற்கு முன், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர்வதற்காக, நாலு வாரம் வெறும் தொட்டியை ஓட்டினேன். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அமோனியா ஏறி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். மலாவி தொட்டிக்கு இது இன்னும் முக்கியம். பிஹெச் ஏற ஏற அதே அளவு அமோனியாவே அதிக விஷமாகும்.

பிறகு கொளத்தூர். சென்னையில் வண்ணமீன் என்றாலே அங்கேதான். ஒரு கடையில் "மிக்ஸ் தம்பி, எல்லாம் சாதுவா இருக்கும்" என்று சொல்லி 12 குஞ்சு கொடுத்தார்கள். அதில் மூன்று ஆரட்டஸ் என்ற ம்புனா வகை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு, சின்னதில் அவ்வளவு அழகு. ஏழெட்டு மாதத்தில் ஒன்று ஆணாகி உடம்பெல்லாம் கறுத்தது. அன்றிலிருந்து தொட்டியில் யாருக்கும் தூக்கமில்லை. மற்ற மீன்களெல்லாம் துடுப்பு கிழிந்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில் ஒண்டின. இரண்டு செத்த பிறகுதான் ஆரட்டஸைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மிக்ஸ் வாங்கவே வாங்காதீர்கள். பேர் தெரிந்து வாங்குங்கள். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று வைத்து, தொட்டியைக் கொஞ்சம் நெருக்கமாகவே நிரப்பினால் அடி ஒரே மீன்மேல் விழாமல் பிரிந்து போகும். நெருக்கம் கூடினால் தண்ணீர் மாற்றுவதும் கூட வேண்டும். நான் வாரம் 30 சதவீதம் மாற்றுகிறேன்.

தீனியில் பட்ட அடி இன்னும் வலிக்கிறது. ஆசையாக உயிர்ப்புழு வாங்கி ஒரு வாரம் போட்டேன். ம்புனாவில் பெரும்பாலானவை பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை, நீண்ட குடல் கொண்டவை. வயிறு உப்பி, சாப்பாட்டைத் துப்பி, வெள்ளை நூல்போலக் கழிந்து, அடுத்தடுத்து நாலு போயின. அதன்பிறகு ஸ்பைருலினா என்ற பாசி சேர்த்த தீனி, வாரம் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, ஒருநாள் பட்டினி. மறுபடி அந்த நோய் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த இரண்டு நாளும் தீனி போடவில்லை. கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கி நாறிய தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டினேன். மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரி தொடும். அப்போது மூடியைத் திறந்து, மேலே சின்ன ஃபேன் வைத்து, காற்றைக் கூட்டுவேன். ஹீட்டரை இதுவரை டப்பாவிலிருந்து எடுத்ததே இல்லை.

இப்போது ம்புனாவிலேயே எலக்ட்ரிக் எல்லோ எட்டு, ரெட் ஜீப்ரா ஐந்து, ஸ்னோ ஒயிட் ஐந்து இருக்கின்றன. போன வருடம் ஒரு எல்லோ தீனி போட்டும் வராமல் கல்லுக்குப் பின்னாலேயே நின்றது. நோய் என்று பயந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே பை போல உப்பி, எதையோ மெல்வதுபோல வாய் அசைந்துகொண்டே இருந்தது. உள்ளே முட்டைகள், அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் கிட்டத்தட்டச் சாப்பாடே இல்லாமல் சுமந்தது. தனித் தொட்டிக்கு மாற்றிய ஐந்தாம் நாள் காலையில் அரை அங்குலம்கூட இல்லாத பதினான்கு குஞ்சுகள். கையை நீட்டியதும் அத்தனையும் அம்மா வாய்க்குள் ஓடின. எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லோவும் ரெட் ஜீப்ராவும் ஒரே தொட்டியில் இருந்தால் இனம் கலந்துவிடலாம். என் தொட்டியில் பிறக்கும் குஞ்சுகளைக் கலப்பாக இருக்கலாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. அடுத்த மாதம் ஜீப்ராக்களை நண்பர் தொட்டிக்கு மாற்றப் போகிறேன்.