பங்குனியில் காலிஃபிளவர் விதை கொடுத்த மாடித்தோட்டக் கிட்

மாசி மாதம் ஆன்லைனில் ஒரு "கோடைக்கால மாடித்தோட்டக் கிட்" வாங்கினேன். விலை 3,450 ரூபாய். பன்னிரண்டு பை, 5 கிலோ தென்னைநார்க் கட்டி ஒன்று, பதினாறு வகை விதை, வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் பச்சை நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய். நான்கு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆனியில் இதை எழுதுகிறேன். வந்த அன்றே பெட்டியைப் படம் எடுத்துப் போட்டு ஐந்து ஸ்டார் கொடுக்கிறவர்களை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

வீடு கோயமுத்தூர், வடவள்ளி. மொட்டைமாடியில் காலை ஏழரைக்கு வரும் வெயில் சாயங்காலம் வரைக்கும் போகாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பை அருமை. 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம், ஓரம் இரட்டைத் தையல். மண் நிரப்பித் தண்ணீர் விட்டு ஊறின பையை நானும் என் பையனும் கைப்பிடியைப் பிடித்தே தூக்கி இடம் மாற்றினோம், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் பைகள் அடுத்த கோடைக்குள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டன. இது நாலு மாத வெயிலுக்கு நிறம்கூட மங்கவில்லை. அடியில் துளை மட்டும் பத்தாது. நான் இன்னும் நாலு போட்டு, செங்கல் மேல் வைத்தேன்.

நார்க்கட்டிக்கு வருவோம். பெட்டியைப் பிரித்ததும் அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, பொள்ளாச்சில மஞ்சி மில்லுப் பக்கம் போனா இந்தத் தூளு மலையாட்டக் கெடக்கும். இதையுமா காசு குடுத்து வாங்குன?" அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம், மஞ்சி என்றால் தென்னைநார். பதில் சொல்ல முடியவில்லை. கட்டியின் அட்டையில் "கழுவி உப்பு நீக்கியது, 75 லிட்டர் வரும்" என்று போட்டிருந்தது. பெயிண்ட் பக்கெட்டில் அளந்தேன், 60 லிட்டர்தான் வந்தது. உப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஆர்ஓ மெஷினுக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தேன். சிறுவாணித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்தேன். வடிந்தது கட்டன்சாயா நிறம். மீட்டர் காட்டியது 1,840. இரண்டாம் தடவை 760. மூன்றாம் தடவை 290, நிறமும் வெளுத்துவிட்டது. கழுவாமல் அப்படியே கலந்திருந்தால் நாற்றின் இலை ஓரம் கருகியிருக்கும், நானும் வெயில் மேல் பழியைப் போட்டிருப்பேன். போர் தண்ணீரில் கழுவ வேண்டாம், அதிலேயே உப்பு. செம்மண், நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கணக்குக்கு ஒரு கட்டி பன்னிரண்டு பைக்குக் காணாது, இன்னொன்று வாங்க வேண்டிவந்தது.

இனி விதை. என் கோபமெல்லாம் இங்கேதான்.

பதினாறு பாக்கெட்டில் காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், நூல்கோல், லெட்யூஸ், பாலக். கிட்டின் பெயரோ கோடைக்காலம்! சமவெளியில் பங்குனி வெயிலில் காலிஃபிளவர் பூ கட்டுமா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "எல்லா சீசனுக்கும் வரும் மேடம், டெய்லி தண்ணி மட்டும் விடுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். பிடிவாதத்துக்குக் காலிஃபிளவரையும் கேரட்டையும் போட்டுப் பார்த்தேன். காலிஃபிளவர் இலையாகவே வளர்ந்து புழுவுக்குச் சாப்பாடானது. கேரட் பிடுங்கினால் சுண்டுவிரல் அளவு, வாயில் வைக்க முடியாத கசப்பு. கோடையில் தானாக வரும் கொத்தவரைக்கு அந்தப் பதினாறில் இடமில்லை.

வெண்டை விதை இருந்தது. பாக்கெட்டில் "லேடீஸ் ஃபிங்கர்" என்று மட்டும். என்ன ரகம், எப்போது கட்டியது, நூற்றுக்கு எத்தனை முளைக்கும், ஒன்றும் இல்லை. ஈரத்துணியில் இருபது விதை மடித்து வைத்தேன். ஏழு முளைத்தது.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு லாலி ரோடு போனேன். வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா வாசலில் விதை விற்கிற இயந்திரம் இருக்கிறது, சிப்ஸ் பாக்கெட் வருகிற மாதிரி விதைப் பொட்டலம் வந்து விழும். ஒன்று பத்து ரூபாய். வெண்டை, கொத்தவரை, கத்தரி, தக்காளி, சிறுகீரை, தண்டுக்கீரை, ஆக மொத்தம் அறுபது ரூபாய். அதே ஈரத்துணியில் வெண்டை இருபதுக்குப் பதினேழு.

கிட் விதையில் வந்த ஏழு செடியையும் ஒதுக்காமல் நட்டேன். சித்திரை பிறந்த வாரம் முதல் செடியில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது, பச்சை இலை மேல் மஞ்சள் நூலால் வலை பின்னியதுபோல. வெள்ளை ஈ பரப்புகிற நரம்புத் தேமல் நோய். அடுத்து வந்த காயும் வெளிறிப்போய் நாராக இருந்தது. பத்து நாளில் ஏழில் ஐந்தைப் பிடுங்கினேன். பிடுங்கியதைப் பையில் கட்டிக் குப்பைவண்டியில் போட்டேன், உரக்குழிக்குக் கொண்டுபோகவில்லை. மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலத் தெளிப்பும். இந்த நோயைத் தாங்குவதற்கென்றே பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அனாமிகா என்றொரு வெண்டை ரகம் வெளியிட்டிருக்கிறது. ரகம் பேர் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று நான் ஏன் கத்துகிறேன் என்பது இப்போது புரியும்.

நிழல்வலை, பாதி நல்லது பாதி கெட்டது. 75 சதவீதம் காய்ச்செடிக்கு ரொம்ப இருட்டு. நாள் முழுக்க அதன் கீழே நின்ற வெண்டை கணுவுக்குக் கணு நீண்டு ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்தது, பூவே எடுக்கவில்லை. கழற்றிவிடலாம் என்று நினைத்தபோது துணிக்கம்பி கண்ணில் பட்டது. திரைச்சீலை வளையங்களைக் கோத்து, வலையை அந்தக் கம்பியில் தொங்கவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு இழுத்து மூடுவேன், நாலு மணிக்குத் தள்ளிவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற வேலை என்பதால் முடிந்தது, ஆபீஸ் போகிறவர்கள் 50 சதவீத வலையே வாங்குங்கள். சிறுகீரை மட்டும் அந்த இருட்டு வலைக்குக் கீழேயே ஜம்மென்று வந்தது. "வலை தண்டச் செலவு" என்ற அத்தையும் அந்தக் கீரையைக் கடைந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தது. வலை பாய்மரம் மாதிரி உப்பி, கிட்டோடு வந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒரே ராத்திரியில் தெறித்துப் பக்கத்து வீட்டு சன்ஷேடில் கிடந்தன. அதோடு மடித்துப் பரணில் போட்டுவிட்டேன்.

சொட்டுநீர்க் குழாயைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போர் தண்ணீர் உப்புக்கு மூன்றாவது வாரமே அடைத்துக்கொண்டது. பூவாளிதான்.

தக்காளி சித்திரை முழுக்கப் பூத்துப் பூத்துக் கொட்டியது. இது கிட்டின் குற்றம் இல்லை, பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்காது. வைகாசி மழைக்குப் பிறகுதான் பிஞ்சு பிடித்தது.

பழக்க தோஷம், எக்ஸலில் கணக்கு வைத்திருக்கிறேன். கிட் 3,450, மண், உரம், புண்ணாக்கு, இரண்டாவது கட்டி, விதை எல்லாம் சேர்த்து 1,650. ஆக 5,100. இன்றுவரை பறித்தது வெண்டை நாலரை கிலோ, கொத்தவரை இரண்டரை, கத்தரி இரண்டரை, தக்காளி அரை. பத்து கிலோ. கிலோ 510 ரூபாய்க்கு விழுகிறது! ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் அந்தக் காசுக்கு வாரக்கணக்கில் காய் வாங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு வெண்டைக்காய் வரும், மூன்று பறிப்பைச் சேர்த்தால்தான் வீட்டுக்கு ஒரு பொரியல். ஆனால் பறித்த அரைமணியில் வதக்கிய கொத்தவரையில் நார் என்பதே இல்லை. அதை எக்ஸலில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

பைக்கு ஐந்துக்கு நாலரை. வலைக்கு இரண்டரை. நார்க்கட்டிக்கு இரண்டு, அதுவும் மூன்று தடவை கழுவினால். குழாய்க்கு ஒன்று. விதைக்குப் பூஜ்யம்.

போன வாரம் அதே கம்பெனிக்குப் போன் போட்டு, பை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். ஒன்று 95 ரூபாயாம். "கிட்டா வாங்கினா லாபம் மேடம், பதினாறு விதை ஃப்ரீ" என்றார். ஆடிப்பட்டத்துக்கு ஆறு பை சொல்லியிருக்கிறேன்.